"அப்பவே ஏன் சொல்லலை?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு

குடும்பத்தின் பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டுப் பெண்ணோ பையனோ முப்பது, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருநாள் உங்களிடம் வந்து, "சின்ன வயசுல இன்னார் என்கிட்ட தப்பா நடந்துக்கிட்டார்" என்று சொன்னால், உங்களில் பெரும்பாலோர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரு கேள்விதான். "அப்பவே ஏன் சொல்லலை?"

அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல். நான் ஓர் உளநல ஆலோசகர். குடும்பத்துக்குள்ளேயே, சொந்தக்காரர்களால் சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளாகி, வளர்ந்த பிறகு அதைப் பேச வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். அவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. அன்று நடந்ததைவிட, அதைச் சொன்ன பிறகு வீட்டில் நடந்ததைப் பற்றிப் பேசும்போதுதான் பலர் உடைந்துபோகிறார்கள்.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். "சொல்லியிருந்தா நான் சும்மா விட்டிருப்பேனா?" என்ற தவிப்பும் அதற்குள் இருக்கிறது. ஆனால் எதிரில் இருப்பவர் காதில் அது குறுக்கு விசாரணையாகத்தான் விழும். போதாததற்கு, உங்களால் தாங்க முடியாத ஒரு பதிலும் அதற்கு உண்டு. பலர் அப்பவே சொன்னார்கள்.

குழந்தை உட்கார்ந்து வாக்குமூலம் கொடுக்காது. "அந்த மாமா வேண்டாம்" என்று சொல்லும். "இன்னைக்கு நான் உங்ககூடத்தான் படுப்பேன்" என்று அடம்பிடிக்கும். படுக்கையை நனைக்கும் வழக்கம் நின்று மூன்று வருடம் ஆன பிள்ளை மறுபடி நனைக்கும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தது திடீரென்று புத்தகத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை அது சொல்லியாகிவிட்டது. "பெரியவங்களை அப்படிப் பேசக் கூடாது" என்ற பதிலும் கிடைத்துவிட்டது.

பெயர், வயது, உறவு எல்லாவற்றையும் மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண்ணின் குடும்பத்தில் எல்லோரும் கூடும்போதெல்லாம் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. ஏழு வயதில், சித்தப்பா வீட்டுக்கு வந்தால் அவள் ஓடிப்போய்க் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாளாம். ஒருமுறை கதவையே கழற்ற வேண்டி வந்ததாம். "அவ்வளவு வெட்கம் இவளுக்கு!" என்று அத்தை நடித்துக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பாவும் சிரிப்பார். இருபத்தைந்து வருடமாக அந்தச் சிரிப்பில் அவளும் கலந்துகொண்டிருந்தாள். கடைசியில் ஒருநாள் அம்மாவிடம் உண்மையைச் சொன்னபோது, அம்மா கேட்ட கேள்வி எதுவென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சொல்லாமலே இருந்தவர்களும் உண்டு. அவர்கள் ஏன் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, கெடுதல் செய்தவரைக் குழந்தையின் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் இருட்டிலிருந்து பாய்ந்த முரடர் இல்லை. தோளில் தூக்கி வைத்துக்கொண்டவர், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், சில வீடுகளில் பள்ளிக் கட்டணம் கட்டியவர். சில வீடுகளில் அப்பா. சிலவற்றில் அண்ணன். அம்மாவாக இருந்த வீடுகளும் உண்டு. யாரை நம்பிச் சாப்பிட்டுத் தூங்கி எழ வேண்டுமோ அவரே இதைச் செய்யும்போது, நடப்பதை முழுதாக உணர்ந்துகொள்வதே குழந்தைக்கு ஆபத்து. உணர்ந்துகொண்டால் அவரோடு எப்படி ஒரே வீட்டில் வாழ்வது? உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1990களில் முன்வைத்த நம்பிக்கைத் துரோகக் கோட்பாடு சொல்வது இதைத்தான். பிழைத்திருப்பதற்காகவே மனம் சிலவற்றைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. இதோடு, "நீ சொன்னா அம்மா செத்துப்போயிடுவா", "உன்னைத்தான் எல்லோரும் திட்டுவாங்க" என்ற மிரட்டல்கள். இன்னும் மோசமானது, மிரட்டலே இல்லாமல் கொஞ்சலாகச் சொல்லப்படும் "இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்".

ஆண்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. ஆம்பளைப் பையனுக்கு இப்படி நடக்குமா என்ற கேலி ஒருபக்கம். தொட்டபோது உடம்பு தன் போக்கில் எதிர்வினை காட்டியிருந்தால், நானும் விரும்பினேனோ என்ற குற்ற உணர்வு மறுபக்கம். உடம்பின் அனிச்சை வேறு, சம்மதம் வேறு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான 487 ஆண்களிடம் அமெரிக்க ஆய்வாளர் ஸ்காட் ஈஸ்டன் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. முதன்முதலாக யாரிடமாவது வாய் திறக்க அவர்களுக்குச் சராசரியாக 21 வருடங்கள் ஆகியிருந்தன. விவரமாக உட்கார்ந்து பேச 28 வருடங்கள். ஆஸ்திரேலியாவில் சிறார்மீதான பாலியல் கொடுமையை விசாரித்து 2017இல் முடிந்த அரச ஆணையத்திடம் நேரில் பேசியவர்களும் முதல்முறை சொல்லச் சராசரியாக 23.9 வருடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது பள்ளி, தேவாலயம், விடுதி போன்ற நிறுவனங்களைப் பற்றிய விசாரணை. குடும்பம் என்று வரும்போது, செய்தவர் எவ்வளவு நெருங்கிய உறவோ அந்த அளவுக்குத் தாமதமும் கூடுகிறது என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்திருக்கிறது.

ஈஸ்டனின் இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கும் அந்த ஏழு வருடத்தைக் கவனியுங்கள். முதல் வார்த்தைக்கும் முழுப் பேச்சுக்கும் இடையே உள்ள தூரம் அது. அந்த இடைவெளியில் பல வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் சொல்லிப் பார்த்திருப்பார்கள். கேட்டவர் முகம் மாறியிருக்கும். "சரி விடு" என்று அவர்களே பேச்சை மாற்றியிருப்பார்கள்.

உங்களிடம் வந்து சொல்கிறவர் முழுவதையும் சொல்வதில்லை. இதை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் வருவது மிகச் சின்னத் துண்டு. அதுவும் பல நேரம் சாடைமாடையாக. "அவர் எனக்கு எப்பவும் பிடிக்காது தெரியுமா?" என்பார். செய்தியில் வந்த யாரோ ஒருவரின் கதையை எடுத்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பார்ப்பார். நீங்கள் "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு இப்பக் கிளப்புறாங்க, காசுக்காக இருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிச் சேனலை மாற்றியிருப்பீர்கள். உங்கள் மகளுக்கு அங்கே பதில் கிடைத்துவிட்டது. பரிசோதனை முடிந்ததே உங்களுக்குத் தெரியாது.

நேருக்கு நேர் முகம் பார்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. கார் ஓட்டிக்கொண்டே சொன்னவர், துணி மடித்துக்கொண்டே சொன்னவர், இரவு இரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் நீளமாகத் தட்டச்சு செய்து, அனுப்பி, அடுத்த நிமிடமே அழித்தவர். அழித்ததை அம்மா காலையில் பார்த்துவிட்டு "என்னமோ டெலிட் பண்ணியிருக்கே, என்ன அது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லை, தப்பா வந்துடுச்சு." இன்னும் நாலு வருடம் தள்ளிப்போனது.

"சரி, இத்தனை நாள் இல்லாம இப்ப என்ன?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு அநேகமாகத் திட்டவட்டமான காரணம் இருக்கும். தன் மகளுக்கு, தனக்கு அது நடந்த அதே வயது வந்திருக்கும். அந்த ஆள் தங்கையின் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்திருக்கும் புகைப்படம் குடும்பக் குழுவில் வந்திருக்கும். அவர் இறந்திருப்பார், எல்லோரும் அவரைத் தெய்வமாக்கிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அல்லது, யாரிடம் சொன்னால் நொறுங்கிவிடுவாரோ அந்தப் பாட்டி போய்ச் சேர்ந்திருப்பார். பிரசவம், மருத்துவப் பரிசோதனை, புதிதாக அமைந்த ஒரு நல்ல மணவாழ்க்கைகூட மூடிவைத்ததைத் திறந்துவிடும். பாதுகாப்பாக உணரத் தொடங்கிய பிறகுதான் பலருக்கு நினைவுகளின் கனமே தெரிகிறது. வெளியே பார்க்க "நல்லாத்தானே இருந்தா, திடீர்னு என்ன ஆச்சு?" என்று தோன்றுவது அதனால்தான்.

இனி, கேட்ட முதல் ஐந்து நிமிடத்தில் வீடுகளில் வழக்கமாக வரும் பேச்சுகள். "அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லையே." "விளையாட்டாத் தொட்டிருப்பார், நீ தப்பாப் புரிஞ்சிருப்பே." "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, ஏற்கெனவே அவருக்கு நெஞ்சு வலி." "எனக்கும்தான் நடந்தது, நான் யார்கிட்டயாவது சொன்னேனா?" (இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும் தாய்மார்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். அவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம்.) "அவருக்கு இப்ப எழுபது வயசு, பாவம்." எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இந்த 'பாவம்' மீதுதான். எழுபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் இரக்கம் எட்டு வயதுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஆளிடம் கேட்டால் என்ன நடக்கும் என்பதும் ஏறக்குறைய எழுதி வைத்தது போலவே இருக்கும். முதலில் மறுப்பார். அடுத்து சொன்னவர்மீது பாய்வார்: மனநிலை சரியில்லாதவள், குடிகாரன், சொத்துக்காக நாடகம் ஆடுகிறாள். பிறகு தானே பாதிக்கப்பட்டவராகி அழுவார்: "இந்தக் குடும்பத்துக்காக எவ்வளவு செஞ்சேன், எனக்கு இந்தப் பட்டமா?" முன்னே சொன்ன ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1997இல் இந்த மூன்று படிகளையும் ஒரே வரிசையாக விவரித்தார். மூன்றாவது படியில்தான் குடும்பங்கள் கவிழ்கின்றன. அழுகிற பெரியவரைச் சுற்றி எல்லோரும் கூடிவிடுவார்கள். சொன்னவர் அறையின் மறுமூலையில் தனியாக நின்றுகொண்டிருப்பார். அந்த நிமிடம்தான் பலர் சொன்னதைத் திரும்பப் பெறுகிறார்கள். "இல்லை, நான்தான் குழப்பிக்கிட்டேன் போல." வீட்டுக்கும் நிம்மதி. அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983இலேயே குழந்தைகளைப் பற்றி இதை எழுதிவிட்டார்: தாமதமாக, தடுமாறி, நம்ப முடியாதபடி சொல்வார்கள், நெருக்கடி வந்தால் சொன்னதை மறுத்துவிடுவார்கள். நாற்பது வயதானாலும் பெற்றோர் முன்னால் அந்த மனம் மாறுவதில்லை. திரும்பப் பெற்றார் என்பதற்காகச் சொன்னது பொய் என்று முடிவு கட்டாதீர்கள்.

கேட்கத் துணியாதது நீங்கள் மட்டும் இல்லை என்பதற்காக ஒரு பழைய சம்பவம். 1896இல் வியன்னாவில், உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃப்ராய்டு, மருத்துவர்கள் கூடிய அவையில், தன்னிடம் வந்த 18 நோயாளிகளின் மனநோய்க்குப் பின்னால் குழந்தைப் பருவத்துப் பாலியல் அனுபவம் இருந்தது என்று அறிவித்தார். அவையில் யாருக்கும் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கருத்தை இனி நம்பவில்லை என்றார். அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று, எல்லா நேர்விலும் தகப்பனையே குற்றம் சொல்ல வேண்டியிருக்கிறது, தன் தகப்பன் உட்பட என்பது. அவ்வளவு பேர் அப்படி இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. இருக்க முடியாதா என்ன? 2024இல் யுனிசெஃப் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இன்று உயிரோடு இருக்கும் பெண்களில் எட்டில் ஒருவர் 18 வயதுக்குள் வன்புணர்வுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர். ஆண்களில் பதினொன்றில் ஒருவர்.

"ஆனா தேதி சரியா வரலையே, அந்த வருஷம் நாங்க அந்த வீட்டிலேயே இல்லையே" என்று சிலர் கணக்குப் பார்ப்பார்கள். நினைவைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். நினைவு பிசகும். வற்புறுத்தியும் துருவித் துருவிக் கேட்டும் நடக்காததை நடந்ததாக நம்பவைக்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹிப்னாடிசம் செய்து பழைய நினைவைத் தோண்டி எடுக்கிறேன் என்று கிளம்புகிற ஆலோசகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மறுபக்கம்: 1994இல் ஆய்வாளர் லிண்டா வில்லியம்ஸ் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் பாலியல் கொடுமைக்காக மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு அப்போதே பதிவான 129 பெண்களை, சுமார் 17 வருடம் கழித்துச் சந்தித்தார்கள். பதிவில் இருந்த அந்தச் சம்பவத்தை 38 சதவீதம் பேர் நினைவுகூரவில்லை. பயத்தில் இருக்கும் குழந்தைக்குச் சுவரின் நிறமும் ஆளின் வாசனையும் பதியும், நாள்காட்டி பதியாது. எந்த வீடு என்பதில் குழம்புகிறவர் யார் என்பதிலும் குழம்புகிறார் என்று ஆகிவிடாது. தவிர, நீங்கள் நீதிபதி இல்லை. தீர்ப்பு எழுத உங்களிடம் யாரும் கேட்கவில்லை. "நீ சொல்றதைக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லச் சாட்சி எதுவும் தேவையில்லை.

வந்து சொல்கிறவர்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள்? அரிவாள் எடுக்கச் சொல்வதில்லை. காவல் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். போவதா வேண்டாமா என்பது முழுக்க அவர்கள் முடிவு, நீங்கள் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. பெரும்பாலோர் கேட்பதைப் பார்த்தால் மனம் கனத்துப்போகும். அவ்வளவு சின்னது. அந்த ஆளின் காலைத் தொட்டு வணங்கச் சொல்லாதீர்கள். குடும்ப நிகழ்ச்சியில் அவர் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அவர் வருகிறார் என்றால் முன்னாடியே சொல்லுங்கள், நான் வரவில்லை. ஏன் வரவில்லை என்று மற்றவர்கள் கேட்டால் என்மேல் பழி போடாதீர்கள். இவ்வளவுதான். இதற்கே "ஒத்தை ஆளுக்காக ஊரையே பகைச்சுக்க முடியுமா?" என்று கேட்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மன்னிக்கச் சொல்லாதீர்கள். "பெரிய மனசு பண்ணு", "போனது போகட்டும்", "செத்தவரைப் பத்திப் பேசாதே": மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான், எங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது, நீ வாயை மூடு. மன்னிப்பு என்பது அவர் தருவதாக இருந்தால் தருவார். தராமலேயும் நிறைவாக வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சமரசத்துக்கு வரமாட்டேன். அந்த ஆள் உயிரோடு இருந்து, வீட்டில் குழந்தைகளும் இருந்தால், சொன்னதை நீங்கள் நம்பினாலும் சரி, பாதிதான் நம்பினாலும் சரி, இன்று முதல் எந்தக் குழந்தையும் அவரோடு தனியாக இருக்கக் கூடாது. "நான் பக்கத்து அறையிலதான் இருப்பேன்" என்பது கணக்கில் சேராது. அன்றும் யாரோ பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். குழந்தைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்ற சந்தேகம் உங்களுக்கே இருந்தால், குடும்பப் பஞ்சாயத்து வைக்காமல் உங்கள் பகுதியில் உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிடமோ காவல் துறையிடமோ சொல்லுங்கள். பல நாடுகளில் அது சட்டப்படி உங்கள் கடமையும்கூட.

கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அக்காவோ தம்பியோ இப்படிச் சொல்லும்போது நீங்கள் கோபப்பட்டால் அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். நமக்கும் ஏதோ தெரியுமே என்ற உறுத்தலா? உங்களுக்கும் நடந்ததா? அதைப் பற்றி இன்றே பேச வேண்டியதில்லை. ஆனால் அவர் வாயை அடைக்காதீர்கள்.

பிரான்ஸில் குடும்பத்துக்குள் நடப்பது உட்படக் குழந்தைகள்மீதான பாலியல் வன்முறையை விசாரிக்க 2021இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். 2023 நவம்பரில் அறிக்கை வருவதற்குள் ஏறக்குறைய 30,000 பேர் அதனிடம் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். விசாரணைக்கு முன்பாகவே அந்த ஆணையம் அவர்களுக்கு அறிவித்த செய்தி, உங்களை நம்புகிறோம், இனி உங்களைத் தனியாக விடமாட்டோம் என்பதுதான். அரசாங்கத்து ஆணையம் ஒன்றால் முன்பின் தெரியாத ஆட்களிடம் அப்படிச் சொல்ல முடிந்தது.

கடைசியாக, ஏற்கெனவே கேட்டுவிட்டுத் தவறாகப் பதில் சொன்னவர்களுக்கு. ஐந்து வருடம் முன்பு மகள் சொன்னபோது "வாயை மூடு" என்று சொன்ன அம்மாக்கள், எழுந்து வெளியே போய்விட்ட அப்பாக்கள். இன்று நீங்களே அவரைக் கூப்பிடலாம். கூட்டத்தில் வேண்டாம், விசேஷ நாளில் வேண்டாம். விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள், எனக்கு அப்போது என்ன நிலைமை தெரியுமா என்று ஆரம்பித்தால் கதை உங்களைப் பற்றியதாகிவிடும். "அன்னைக்கு நீ சொன்னப்ப நான் சரியாக் கேட்கலை. நான் உன்னை நம்புறேன். அது உன் தப்பில்லை. நீ எப்பப் பேசணும்னாலும் நான் கேட்கிறேன், பேச வேண்டாம்னாலும் சரி." இவ்வளவு போதும். அவர் உடனே அழுது கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். கத்தலாம். "இப்ப எதுக்கு?" என்று உங்கள் கேள்வியையே உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். போனை வைத்துவிடலாம். அடுத்த வாரம் வேறு ஏதோ சாக்கு வைத்து அவராகவே கூப்பிட்டால், நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர் எதைப் பேசுகிறாரோ அதைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஆலோசகர்